ஆம்னிக்குள்ள மழை: தச்சநல்லூர்ப் பட்டறை எப்படி?

ஒழுகுற வண்டியை வச்சுக்கிட்டு திருநெல்வேலியில அலையுறவங்களுக்காக மட்டும் இதை எழுதுறேன். பெயிண்ட் மினுங்கணும், ஒடுங்குன இடத்தை நிமிர்த்தணும்னா வண்ணார்பேட்டை பைபாஸ்லயே ஆள் இருக்காங்க. தண்ணி எந்த வழியா உள்ள வருதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்ல, நான் பார்த்த வரைக்கும் தச்சநல்லூர்ல இந்த ஒரு பட்டறைதான். மதுரை ரோட்டுல இருந்து உள்ள திரும்பி, பழைய டயர் அடுக்கி வச்சிருக்கிற சந்துல போகணும். போர்டு கிடையாது. பக்கத்துல "ரப்பர் பட்டறை"ன்னு கேட்டா கை காட்டுவாங்க.

என் வண்டி 2008 மாருதி ஆம்னி. 1984-ல வேன்னு வந்து, பிறகு ஆம்னின்னு பேர் மாறி, 2019-ல கம்பெனி நிறுத்தின வண்டி. எனக்கு அதுதான் லாரி, அதுதான் குடோன். கள்ளிடைக்குறிச்சியில வீட்டோட அப்பளம் போடுறோம். பின் சீட்டைக் கழட்டிட்டு கட்டுக் கட்டா அடுக்கி, ஒரு பக்கம் தென்காசி, குற்றாலம் கடைகளுக்கும், இன்னொரு பக்கம் வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை வழியா டவுனுக்கும் நானே ஓட்டிட்டுப் போவேன். அப்பளம் தெரியும்ல, உப்பும் அப்பளக்காரமும் சேர்ந்த சரக்கு, காத்துல இருக்கிற ஈரத்தையே இழுக்கும். அது மேல தண்ணி சொட்டினா கட்டு முழுக்க ஒட்டிக்கும், பிறகு பூசணம். கடைக்காரர் கட்டைப் பிரிச்சு மூக்குல வச்சுப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம திருப்பிக் கொடுப்பாரு பாருங்க, அந்த ஒரு நிமிஷம் போதும்.

சாதாரணக் கார்க்காரங்களுக்கு ஒழுகல்னா நனைஞ்ச மேட், கெட்ட வாடை, அவ்வளவுதான். அதனால எந்தப் பட்டறைக்குப் போனாலும் இதை ஒரு வேலையாவே எடுத்துக்க மாட்டேங்கிறாங்க. டவுன் பக்கம் ஒரு பட்டறையில வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்துட்டு, "ஆம்னின்னா ஒழுகத்தான்க்கா செய்யும்"னு சொல்லிட்டு, முன் கண்ணாடி ரப்பரைச் சுத்தி சிலிக்கானை வளைச்சு வளைச்சுப் பிதுக்கி விட்டாங்க. வண்டிக்குள்ள நாள் கணக்குல புளிச்ச காடி வாடை. அடுத்த மழையில தண்ணி இடது பக்கம் வராம வலது பக்கம் வந்துச்சு. திரும்பப் போனா இன்னும் கொஞ்சம் சிலிக்கான். வேலைன்னா அதுதான் அங்க.

தச்சநல்லூர்ல நடந்தது வேற. அங்க இருக்கிற அண்ணாச்சிக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். வண்டியைப் பக்கத்துல நிறுத்தினதும் எந்திரிச்சு வரல. உக்காந்த இடத்துலயே கேள்விதான் கேட்டாரு.

"எங்கன ஒழுகுதுன்னு சொல்லாதம்மா, அதை நான் பாத்துக்கிடுதேன். எப்பம் ஒழுகுதுன்னு சொல்லு."

"மழை பெய்யும்போதுதான் அண்ணாச்சி."

"நிக்கும்போதா, ஓடும்போதா?"

ரெண்டும்னு சொன்னேன்.

"மழை விட்ட பொறவு பிரேக் போட்டா மேல இருந்து கொட்டுதா?"

ஆமா. வெயில் அடிக்க ஆரம்பிச்ச பிறகும் முதல் பிரேக்குல தலைக்கு மேல இருந்து ஒரு கை தண்ணி சளார்னு மடியில விழும். இதை இதுவரைக்கும் ஒருத்தரும் என்கிட்ட கேட்டதில்ல. அடுத்து, வீட்டு வாசல்ல வண்டி எந்தப் பக்கம் சரிஞ்சு நிக்கும்னு கேட்டாரு. எங்க தெரு வாய்க்காலைப் பாத்து இறக்கம், மூக்கு கீழதான் இருக்கும். கடைசியா, "தண்ணி கையில பிசுபிசுன்னு ஒட்டுதா, இனிப்பா வாடை அடிக்கா?" இல்லன்னேன். "அப்பம் மழைத்தண்ணிதான்"னு சொல்லிட்டு பீடியை அணைச்சுட்டு எந்திரிச்சாரு.

அந்தக் கடைசிக் கேள்வி ஏன்னு அங்க நின்ன இன்னொரு வண்டியைக் காட்டிச் சொன்னாரு. ஒரு பழைய கார், மழையே இல்லாத சித்திரை மாசத்துல இருந்தே இடது பக்கம் கால் வைக்கிற இடம் நனையுதாம். ஏசி போட்டா உள்ள இருக்கிற கூலிங் காயில்ல தண்ணி கோர்க்கும். அது ஒரு சின்ன ட்யூப் வழியா வண்டிக்கு அடியில சொட்டணும். ட்யூப்புல தூசியும் பாசியும் அடைச்சா தண்ணி உள்ளயே வழியும். கம்ப்ரசர் காத்தை ட்யூப்புல ஒரு ஊது ஊதினா முடிஞ்சது வேலை. அதே இடத்துல பச்சையா, பிசுபிசுப்பா, இனிப்பு வாடையோட வந்துச்சுன்னா அது ஹீட்டர் வழியா ஒழுகுற ரேடியேட்டர் கூலன்ட். அதை விட்டு வச்சா இன்ஜின் சூடாகி செலவு எங்கேயோ போயிரும். நம்ம ஊருல ஹீட்டரை யார் போடுறா? ஆனாலும் பல வண்டியில அந்த ஹோஸ்ல தண்ணி ஓடிக்கிட்டுதான் இருக்கும். என் ஆம்னியில ஏசியும் இல்ல, வந்த தண்ணி பிசுபிசுக்கவும் இல்ல, அதனால அந்தச் சந்தேகம் எல்லாம் எனக்கு இல்ல.

இனி தேடின கதை. முதல்ல உள்ள இருந்த மேட், அதுக்கு அடியில இருந்த சணல் மெத்தை, கதவு பேட், கூரை லைனிங் எல்லாத்தையும் கழட்டிட்டாங்க. சணலைப் பிழிஞ்சா கறுப்புத் தண்ணி. மேல மேட் காஞ்சு கிடக்கும், அடியில இது மாசக் கணக்குல ஊறிக்கிட்டே இருந்திருக்கு. தரைத் தகடு முழுக்க துரு. எல்லாத்தையும் வெயில்ல போட்டு, தகட்டைத் துணியால துடைச்சு, காத்து அடிச்சு, பொட்டு ஈரம் இல்லாம ஆக்கின பிறகுதான் தண்ணியைத் தொட்டாங்க. ஈரத்துல ஈரத்தைத் தேட முடியாதுங்கிறது அங்க சட்டம்.

காஞ்ச தகடு மேல பழைய பேப்பரை விரிச்சு, ஓரங்கள்ல முகத்துக்குப் போடுற பவுடரைத் தூவிவிட்டாரு. தண்ணி ஒரு கோடு போட்டாலும் பவுடர்ல தடம் தெரியும். வேலைக்கு இருக்கிற பையன் டார்ச்சோட உள்ள ஏறிக் கதவைச் சாத்திக்கிட்டான். அண்ணாச்சி வெளிய நின்னு சாதாரண ஹோஸ் வச்சு, வேகமே இல்லாம, தகட்டுல வழியுற அளவுக்குத் தண்ணி விட்டாரு. பக்கத்துலயே வாட்டர் வாஷ் கன் தொங்குது, அதைத் தொடல. "அந்த வேகத்துக்குப் புது வண்டியே ஒழுகும்மா"ங்கிறாரு.

தண்ணி விடுறது எப்பவும் கீழ இருந்து மேல. கதவுக்கு அடியில முதல்ல, கொஞ்ச நேரம் பொறுத்து, உள்ள இருந்து "இல்ல அண்ணாச்சி"ன்னு சத்தம் வந்த பிறகு கொஞ்சம் மேல. மேல இருந்து ஆரம்பிச்சா தண்ணி எல்லா இடத்தையும் நனைச்சுக்கிட்டே கீழ வரும், எந்த ஓட்டை குடிச்சதுன்னு சொல்ல முடியாது. கேக்கும்போது சின்ன விஷயமாத்தான் தெரியுது. ஆனா இந்தப் பொறுமைக்குத்தான் இங்க காசு கொடுக்கிறோம். ஒவ்வொரு இடத்துக்கும் அவங்க காத்திருக்கிற நேரம் பாத்தா நமக்கே கொட்டாவி வரும்.

முதல்ல மாட்டினது பின்னாடி டெயில் லேம்ப். எப்பவோ இடிச்சு பெயிண்ட் பாத்தப்ப பழைய கேஸ்கட்டைத் தூக்கிப் போட்டுட்டு வெறும் லேம்ப்பைத் திருகியிருக்காங்க. பின் மூலையில தண்ணி. ஒரு ஸ்பாஞ்சு கேஸ்கட், ரெண்டு ஸ்க்ரூ, தீர்ந்தது.

அடுத்து நடுக்கதவுல நகர்த்துற கண்ணாடி. கண்ணாடி ஓடுற பள்ளத்துல வெளிய தண்ணி போக சின்ன ஓட்டைகள் உண்டு. எங்க வீதிப் புழுதியும் உளுந்து மாவும் சேர்ந்து அதைச் சிமெண்ட் போட்ட மாதிரி அடைச்சு வச்சிருந்துச்சு. பள்ளம் நிறைஞ்சதும் தண்ணி உள் பக்கம்தானே வழியும். கம்பியால குத்தி எடுத்துட்டு ஓடுபாதைக்குப் புது வெல்வெட் ரப்பர் போட்டாங்க. முன் கதவுக்கு அடியிலயும் இதே மாதிரி ஓட்டைகள் இருக்காம். கதவுக் கண்ணாடி இறங்குற இடத்துல எந்த வண்டியிலயும் தண்ணி கதவுக்குள்ள போகத்தான் செய்யும், அடியில வெளிய போகணும், அவ்வளவுதான். கதவு பேடுக்குப் பின்னால கம்பெனியில ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருப்பாங்க. ஸ்பீக்கர் மாட்டுறவங்க அதைக் கிழிச்சுப் போட்டுருவாங்க. என் வண்டியிலயும் அது கிழிஞ்சுதான் கிடந்துச்சு. புதுத் தாள் வெட்டி ஒட்டினாங்க.

கதவு ரப்பரைப் பாத்த விதம் எனக்குப் பிடிச்சது. சுவத்துல தொங்கின தினசரி காலண்டர்ல போன மாசத் தாள் ஒண்ணைக் கிழிச்சு, கதவு இடுக்குல வச்சுச் சாத்திட்டு இழுத்தாரு. இறுக்கமா வந்தா ரப்பர் பிடிக்குது. வழுக்கிக்கிட்டு வந்தா அந்த இடத்துல ரப்பர் செத்துப் போச்சு. கதவைச் சுத்தி அங்குலம் அங்குலமா இதைச் செஞ்சாரு. ரப்பர் பரவாயில்ல, கீல்தான் கொஞ்சம் தொங்கியிருக்குன்னு சொல்லி கீலைத் தூக்கி வச்சதும் தாள் எல்லா இடத்துலயும் நின்னுச்சு. புது ரப்பர்னு சொல்லி என்கிட்ட காசு வாங்கியிருக்கலாம், வாங்கல.

பிரேக் போட்டா தலையில கொட்டுறதுக்குக் காரணம் கூரை. ஆம்னி கூரை விளிம்புல நீளமா ஒரு தண்ணிப் பள்ளம் ஓடும்ல, கூரைத் தகடும் பக்கத் தகடும் அங்கதான் சேருது. அந்த மூட்டு மேல தண்ணி புகாம அடைக்கிற பசை, அதாவது சீலன்ட், கம்பெனியிலயே போட்டிருக்கும். எனக்கு முன்னாடி வண்டி வச்சிருந்தவர் கேரியர் மாட்டியிருந்தாரு, அதோட கால் எல்லாம் அந்தப் பள்ளத்தைத்தான் கவ்விப் பிடிச்சிருந்துச்சு. பாரம் ஏத்தி ஏத்தி, கால் அழுத்தின இடத்துல எல்லாம் சீலன்ட் மயிரிழையா வெடிச்சிருக்கு. கண்ணுக்குச் சட்டுனு தெரியாது. அண்ணாச்சி உள்ள இருந்து கம்ப்ரசர் காத்தை மூட்டு ஓரமா மெதுவா விடச் சொல்லி, வெளிய சோப்புத் தண்ணி தடவினாரு. பள்ளத்துல வரிசையா சின்னச் சின்ன நுரை முட்டை வந்துச்சு, கேரியர் கால் இருந்த இடத்துல மட்டும். என்னைக் கூப்பிட்டுக் காட்டுனாரு: "இதுல இறங்குன தண்ணி லைனிங்குக்கு மேல தேங்கி நிக்கும். நீ பிரேக் போடுத, அது முன்னால ஓடி வருது." பழைய சீலன்ட்டைச் சுரண்டி, துரு எடுத்து, ரெட் ஆக்சைடு அடிச்சு, பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் போட்டு மேல கலர் அடிச்சாங்க. கேரியரைத் திரும்ப மாட்ட வேண்டாம்னு நானே சொல்லிட்டேன்.

முன் கண்ணாடிக்கு வந்தப்பதான் பழைய சிலிக்கானோட லட்சணம் தெரிஞ்சது. விளிம்புல கத்தியை விட்டு இழுத்ததும் ஒரே கீற்றா உரிஞ்சு வந்துருச்சு, எங்கயும் ஒட்டவே இல்ல. அடியில கீழ் ரெண்டு மூலையிலயும் தகடு செதில் செதிலா துரு. காடி வாடை அடிக்கிற சிலிக்கான் காயும்போது அமிலம் விடும், வெறும் தகட்டுல பட்டா துருவை இன்னும் கிளப்பும்னு சொன்னாரு. அதோட, அது பட்ட இடத்துல பெயிண்ட்டும் நிக்காது, வேற சீலன்ட்டும் ஒட்டாது. அதனால சுரண்டி எடுக்கவே பாதி நாள் போச்சு. துருப்பிடிச்ச மூலையில ஊசி ஓட்டைகள் இருந்துச்சு. பட்டி வச்சு மூடாம, அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு வச்சு வெல்டிங் பண்ணினாங்க. பிறகு உப்புத்தாள், பிரைமர், பெயிண்ட். அது நல்லாக் காயுற வரைக்கும் கண்ணாடியை மாட்ட மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. வண்டி இல்லாம நான் பஸ்ல அப்பளக் கட்டோட அலைஞ்சதை அவர்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

கண்ணாடி மாட்டுன அன்னைக்கு நான் அங்க இருந்தேன். இந்தக் காலத்து வண்டிகள்ல கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டிடுறாங்க. பழைய ஆம்னியில ரப்பர் வளையம்தான், ஒரு பள்ளத்துல கண்ணாடி, இன்னொரு பள்ளத்துல வண்டித் தகடு. புது ரப்பரைக் கண்ணாடியைச் சுத்தி மாட்டி, தகடு உக்காருற பள்ளத்துக்குள்ள ஒரு நைலான் கயித்தைச் சுத்தி வச்சு, ரெண்டு நுனியையும் கீழ நடுவுல உள் பக்கமாத் தொங்க விட்டாங்க. ரப்பர் முழுக்க சோப்புத் தண்ணி. வெளிய ரெண்டு பேர் கண்ணாடியைத் தூக்கி வச்சு உள்ளங்கையால அமுக்க, அண்ணாச்சி டிரைவர் சீட்டுல உக்காந்து கயித்து நுனியைத் தகட்டுக்கு இணையாப் பிடிச்சு இழுத்தாரு. கயிறு பள்ளத்தை விட்டு வர வர, ரப்பரோட உதடு மடங்கித் தகட்டு மேல 'லபக் லபக்'னு ஏறி உக்காருது. "மேல் மூலைய அமுக்குல, மேல் மூலைய!" ஒரு நுனி முடிஞ்சு, மறு நுனி. கடைசியில கயிறு முழுசும் அவர் மடியில, கண்ணாடி இடத்துல. பிறகு ரப்பர் உதட்டைத் தூக்கி, காயாத கறுப்பு மாஸ்டிக்கை மெல்லிசா உள்ள செலுத்துனாரு. வண்டி குலுங்குறப்போ ரப்பர் அசையும், இறுகிப் போற பேஸ்ட் போட்டா வெடிச்சிரும்னு காரணம்.

ரப்பர் வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. கடையில ஆம்னிக்கு ரப்பர் இன்னும் கிடைக்குது, ஆனா விலை குறைஞ்ச டூப்ளிகேட் மூலையில சுருங்கிடும். அண்ணாச்சி ரெண்டையும் வளைச்சுக் காட்டி, "பத்து வருசம் வேணுமா, ரெண்டு வருசம் வேணுமா?"ன்னு கேட்டாரு. நல்லதையே வாங்கினேன்.

காசு விவரம். கண்டுபிடிக்கிற கூலி தனியா 600 ரூபாய், வேலை கொடுத்தாலும் கொடுக்காட்டாலும் அதை வச்சுட்டுத்தான் போகணும். எனக்கு அது நியாயமாத்தான் படுது. வெல்டிங், பெயிண்ட், ரப்பர், சீலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 8,400 ஆச்சு. பழைய சிலிக்கானைச் சுரண்டினதுக்கு 700 போட்டிருந்தாரு, அதைப் பாத்தப்பதான் வயிறு எரிஞ்சது.

குறை இல்லாம இல்ல. பில் கேட்டா காலண்டர் தாளுக்குப் பின்னால எழுதித் தாராரு. போன் எடுக்கவே மாட்டாரு. சொன்ன நாள்ல வண்டி கைக்கு வராது, கூட ரெண்டு மூணு நாள் வச்சுக்கிட்டுப் போங்க. பொம்பளைங்க உக்கார ஒரு நாற்காலி கூட இல்ல, டயர் மேலதான் உக்காரணும். நான் காத்திருந்தப்போ பாத்ரூமுக்கு மெயின் ரோட்டு ஹோட்டல் வரைக்கும் நடந்தேன். பெயிண்ட் கலர் பொருத்தமும் சுமார்தான், கூரை விளிம்புல அடிச்ச வெள்ளை கொஞ்சம் பால் நிறமா நிக்குது. எனக்கு அது பிரச்சனை இல்ல, அழகு பாக்கிறவங்களுக்கு இருக்கும்.

இன்னொண்ணு, வெள்ளத்துல மூழ்கின வண்டியை இங்க கொண்டு போகாதீங்க. 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி ஊருக்குள்ள வந்துச்சே, அந்த வெள்ளத்துல நின்ன வண்டி ஒண்ணு அங்க ஓரமா இன்னும் கிடக்கு. அது அடியில இருந்து ஏறின தண்ணி, வயரிங் எல்லாம் சேறு. "அது என் வேலை இல்ல, எலக்ட்ரீசியன் வேலை"ன்னு முகத்துக்கு நேரா சொல்லிருவாரு.

வேலை முடிஞ்ச பிறகு ஆடிச் சாரல்ல குற்றாலம் கடைகளுக்குப் போனேன். சாரலை லேசா நினைக்காதீங்க, காத்தோட சாய்ஞ்சு அடிக்கிற தண்ணி, ஓடுற வேகத்துல கண்ணாடி ரப்பரோட மேல் உதட்டுக்குள்ள ஏறும். நெட்டு மழைக்குத் தாங்கின வண்டி சாரல்ல ஒழுகும். என் வண்டியில கண்ணாடி சுத்து, கூரை, பின் மூலை எல்லாம் காய்ஞ்சு கிடந்துச்சு. டிரைவர் கால் பக்கம் மட்டும், ரோட்டுல தேங்கின தண்ணியில ஓட்டினா ரெண்டு சொட்டு வருது. தரையில ஏதோ ஒரு ரப்பர் மூடி இல்லன்னு போன்ல சொல்லலாம்னா எடுக்கல, நேர்ல போய்ச் சொன்னேன். கடையில இருந்த பழைய மூடி ஒண்ணை எடுத்து அடிச்சு உள்ள ஏத்திட்டு, அதுக்குக் காசு வாங்கல. சணல் மெத்தையைத் திரும்பப் போட வேண்டாம், வெறும் ரப்பர் மேட் போட்டு வாரத்துக்கு ஒருக்கா தூக்கிப் பாருன்னு சொன்னாரு, அதைத்தான் செய்யுறேன்.

போறதா இருந்தா ஐப்பசி மழை பிடிக்கிறதுக்கு முன்னாடியே போயிருங்க. தீபாவளி நெருங்கினா பெயிண்ட் வேலைக்கு வண்டிங்க சந்து வரைக்கும் நிக்கும், ஒழுகல் வண்டியை அவர் தொடவே மாட்டாரு. காலையில பத்து மணிக்கு முன்னாடி போனா ஆள் இருப்பாரு, நல்ல மூடுலயும் இருப்பாரு. வண்டிக்குள்ள இருக்கிற சாமானை எல்லாம் வீட்டுலயே இறக்கி வச்சுட்டுப் போங்க, அங்க வைக்க இடம் கிடையாது.